பெயருக்கு முன் ஓசை: யாப்பின் அடிப்படைச் சொற்களைக் கற்றலும் கற்பித்தலும்

ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவையில் யாப்பைப் பற்றிப் பேசுவது சற்று இக்கட்டான செயல். முன்வரிசைக்கு அது தெரிந்த செய்தி. பின்வரிசைக்கு அது அச்சமூட்டும் செய்தி. 'நேர், நிரை, தேமா, புளிமா' என்று தொடங்கியதும் மாணவர் முகம் வாடுவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். அம்மாணவர்மேல் நாம் குறை காண்பதில்லை. அச்சொற்கள் அவரிடம் வந்து சேர்ந்த வழியில்தான் குறை இருக்கிறது.

ஒரு விடைத்தாளை முதலில் நினைவுகூர்கிறோம். எதுகையை விளக்கி எடுத்துக்காட்டுத் தருக என்பது வினா. மாணவி ஒருவர், அடிகளிலோ சீர்களிலோ இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று பிழையின்றி எழுதியிருந்தார். எடுத்துக்காட்டாக அவர் தந்தவை 'வந்தாள், சிரித்தாள்' என்னும் இரு சொற்கள். முதற் சொல்லின் இரண்டாம் எழுத்து 'ந்'. அடுத்த சொல்லின் இரண்டாம் எழுத்து 'ரி'. இரண்டுக்கும் உறவே இல்லை. திருத்தியவர் விளக்கத்துக்கு மதிப்பெண் அளித்து, எடுத்துக்காட்டைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். தேர்வு நெறிப்படி அது சரியே. நம் மனத்தில் தங்கியது வேறொன்று. விளக்கம் அம்மாணவியின் நினைவிலிருந்து வந்தது. எடுத்துக்காட்டு அவருடைய செவியிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அந்தச் சந்திப்பு நிகழ வேண்டிய இடம் வகுப்பறை. அதைப் பற்றியே இப்பொழிவு.

அவருடைய செவி எங்கே பழகியது என்பதை எண்ணிப் பார்த்தால் பிழையின் காரணம் விளங்கும். இந்நாட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைக் கேட்கும் முன்பே ஆங்கில மழலைப் பாட்டைக் கேட்கிறார்கள். பள்ளியில் மலாய்மொழி பயில்வோர் பந்துன் என்னும் நான்கடிப் பாட்டையும் அறிவார்கள். பந்துன் மலாய் மக்களின் அருஞ்செல்வம். இந்தோனேசியாவும் மலேசியாவும் இணைந்து அளித்த வேண்டுகோளின்படி யுனெஸ்கோ 2020இல் அதைத் தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. முதல் இரண்டடி பெம்பாயாங், அதாவது நிழல் போல முன்செல்லும் குறிப்பு. பின்னிரண்டடி மக்சூட், அதாவது சொல்ல வந்த கருத்து. ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இறுதியில் ஒலி ஒத்து முடியும். ஆங்கிலத்து ரைமும் அடியின் இறுதியில் நிற்பதே. எனவே ஒலி ஒத்தல் என்றதும் பிள்ளையின் செவி சொல்லின் வாலைத் தேடி ஓடுகிறது. தமிழோ தலையைப் பார்க்கச் சொல்கிறது.

ஏன் தலை? மொழியியல் இங்கே ஒரு விடை தருகிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி. வேர் முன்னே நிற்க, காலமும் இடமும் பாலும் வேற்றுமையும் பின்னே ஒட்டிக்கொண்டே போகும். வந்தாள், நின்றாள், சிரித்தாள், உறங்கினாள் என எத்தனை வினைமுற்றை அடுக்கினாலும் இறுதியில் 'ஆள்' தானாகவே வந்து நிற்கிறது. இலக்கணமே இலவசமாகக் கொடுக்கும் ஒலி ஒப்புமை அது. அதைக் கொண்டுவரப் புலவன் வியர்வை சிந்த வேண்டியதில்லை. ஆனால் வேர்கள் நிற்கும் சொன்முதலில் ஒலி ஒத்து வரவேண்டுமானால் தேடவேண்டும், தெரியவேண்டும், சில வேளைகளில் கருத்தையே திருப்பிப் போடவேண்டும். தமிழ்ச் செய்யுள் தன் அணிகலனை அருமையான இடத்தில் பூட்டிக்கொண்டது என்பதே நம் கருத்து. இறுதியில் ஒலி ஒத்தலுக்கும் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள், அது இயைபு. ரைம் என்பதற்குத் தமிழில் எதுகை என்று ஒரு சொல்லால் பெயர்த்துச் சொல்லிக்கொடுத்ததுதான் அந்த மாணவிக்கு நேர்ந்த தீங்கு. அவர் கேட்டது இயைபு. அதற்குரிய பெயரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எதுகையும் மோனையும் நூல்களில் பிறந்தவை என்று மாணவர் நினைக்கலாம். பாட்டியின் வாயில் அவை நாளும் புழங்குகின்றன. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்கிறோம், உப்பு, குப்பை. 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்', வல், புல். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பதில் பந்தி, முந்து, பிந்து என மூன்று சொற்கள் 'ந்' என்ற ஒற்றில் கைகோத்து நிற்கின்றன. பந்தியும் படையும் முதலெழுத்தில் ஒன்றி மோனையும் ஆகின்றன. 'மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி' என்னும்போது மாமியார், மருமகள் மோனை. மண்சட்டி, பொன்சட்டி என்ற முடிவு இயைபு. மாமியாரும் மருமகளும், மண்ணும் பொன்னும் எதிரெதிராக நிற்பது முரண். ஒரே பழமொழியில் மூன்று தொடை கிடைத்துவிடுகிறது. மலேசியப் பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கப்படும் வேளையில் பழமொழிக்குப் பொருள் எழுதப் பயிற்சி தருகிறோம். அதே பழமொழியை உரக்கச் சொல்லச் செய்து, எது எதனோடு ஒத்து ஒலிக்கிறது என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பெயரை ஆறாவது நிமிடத்தில் சொல்லலாம்.

மோனையில் ஒரு நுட்பம் உண்டு. முதலெழுத்து அதே எழுத்தாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, இனமாகவும் வரலாம். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பதில் ஆவும் அவும் மோனை. 'ஊரோடு ஒத்து வாழ்' என்பதில் ஊவும் ஒவும் மோனை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம். இப்பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாயைக் கவனித்தால் போதும். மூன்றாம் இனத்தைச் சொல்லும்போது இதழ் குவிகிறது. இரண்டாம் இனத்தில் நாவின் முன்பகுதி மேலெழுகிறது. முதலினத்தில் வாய் திறக்கிறது; ஐ, ஔ இரண்டும் அகரத்திலிருந்தே புறப்படுகின்றன. மெய்களிலும் அப்படியே. மவ்வும் வவ்வும் இதழின் துணைகொண்டு பிறப்பவை. ஞவ்வும் நவ்வும் அடுத்தடுத்த இடங்களில் பிறக்கும் மூக்கொலிகள். சவ்வும் தவ்வும் அண்டை வீட்டார். ஒலியியல் என்று இன்று நாம் அழைக்கும் துறையின் அறிவு, மோனைப் பட்டியல் என்ற பெயரில் பள்ளி நூலிலேயே இருந்துவருகிறது.

எதுகையோ இனி நாம் சொல்லப்போகும் பெரிய செய்திக்கு வாயில். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் எதுகை ஆகிவிடாது. முதலெழுத்தின் அளவும் ஒன்றவேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கூட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகா. முன்னது குறில், பின்னது நெடில். மோனை ஒலியின் இடத்தைப் பார்க்கிறது. எதுகை அதன் எடையையும் நிறுத்துப் பார்க்கிறது. அந்த எடைதான் யாப்பு முழுவதையும் தாங்கும் தூண். அத்தூண் இன்று நம் வகுப்பறைகளில் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதே நம் கவலை.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். படி, பாடி, பட்டி என்னும் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி, மேசையைத் தட்டியபடி மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ச் செவி உள்ளவர் 'படி' என்பதை ஒரே தட்டில் சொல்லி முடிப்பார். 'பாடி' என்பதற்கு இரண்டு தட்டு. 'பட்டி' என்பதற்கும் இரண்டு. குறில் ஒன்று முதலில் தனித்து நிற்க வலிமையற்றது; அடுத்த எழுத்தைத் துணைக்கு அழைத்து அதனோடு சேர்ந்தே ஓர் அசையாகிறது. அதுவே நிரை: ப-டி. நெடில் தன் காலிலேயே நிற்கும். ஒற்றைத் தாங்கிய குறிலும் நிற்கும். அதுவே நேர்: பா, பட். சொல்லின் இறுதியில் எஞ்சும் குறிலுக்கு வேறு துணை இல்லாமையால் அதுவும் நேராகவே கொள்ளப்படும். ஆகவே பாடி, பட்டி இரண்டும் நேர்நேர். ஆங்கிலத்தில் சிலபிள் என்று வழங்குவதும் அசையும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். அக்கணக்கில் படி, பாடி, பட்டி மூன்றுக்கும் இரண்டிரண்டே. தமிழ் யாப்பு மூன்றையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஒன்றைத் தனியே பிரித்துவிட்டது.

இது செய்யுளுக்கென்று புலவர்கள் கட்டிய செயற்கைப் பாகுபாடு என்று ஐயுறுவோர் உண்டு. நாமும் மாணவப் பருவத்தில் ஐயுற்றோம். அந்த ஐயத்தைப் பேச்சுத் தமிழே தீர்த்தது. 'பசு' என்பதோடு 'ஐ' சேர்த்தால் பசுவை என்கிறோம்; 'காசு' என்பதோடு சேர்த்தால் காசை என்கிறோம். காசுவை என்று பிழையாகச் சொல்லும் குழந்தையைக் காண்பது அரிது. தெரு தெருவில் ஆகிறது. வீடு வீட்டில் ஆகிறது. பசு, தெரு இரண்டும் ஒற்றை நிரை. அவற்றின் இறுதி உகரம் முழு உகரம். ஆகவே கெடாமல் நின்று வகர உடம்படுமெய்யைப் பெறுகிறது. காசு, வீடு இரண்டும் நெடிலோடு தொடங்குகின்றன. அவற்றின் உகரம் குற்றியலுகரம். உயிர் வந்தால் நழுவிவிடுகிறது. நிரைக்கும் நேருக்கும் உள்ள வேறுபாட்டை எழுதப்படிக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையும் வாயால் கடைப்பிடிக்கிறது. இலக்கண ஆசிரியர் செய்ததெல்லாம் அதற்குப் பெயர் சூட்டியதுதான்.

தொல்காப்பியர் இன்னும் நுணுகிக் கேட்டார். அவர் நேர், நிரை என்ற இரண்டோடு, உகர ஈற்றைத் தாங்கிய நேர்பு, நிரைபு என்ற இரண்டையும் தனி அசைகளாகவே வைத்தார். பிற்கால நூல்கள் அவற்றை நேர்நேர், நிரைநேர் என்று பிரித்துவிட்டன. ஆயினும் வெண்பாவின் கடைசிச் சீருக்குக் கூறப்படும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில், காசும் பிறப்பும் அப்பழைய அசைகளின் எச்சமாக இன்றும் உகரத்தோடு நிற்கின்றன. செய்யுளியலில் அவர் எண்ணிய உறுப்புகள் 34. அவற்றுள் முதலாவது மாத்திரை. கண் இமைக்கும் பொழுது, விரல் நொடிக்கும் பொழுது என்று அதற்கு அளவும் சொன்னார். காலத்தை அளந்தவர் அவர். எழுத்தை மட்டும் எண்ணியவர் அல்லர்.

இனி நம் கவலைக்கு வருவோம். மேற்சொன்ன சோதனையைச் செய்யும் ஆசிரியர் சிலருக்கு ஏமாற்றம் காத்திருக்கும். பாடி என்பதும் படி என்பதும் ஒரே அளவில் ஒலிக்கும் வகுப்புகளை நாம் பார்த்திருக்கிறோம். மலர் என்பது மாலர் ஆகிவிடுகிறது. எண்ணெய் என்பதில் ணகரம் ஒன்றாகிவிடுகிறது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்பது இதன் பொருளன்று. மலாய்மொழியில் குறில் நெடில் என்ற பொருள் வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் நெடுமை, உயிரின் தன்மையோடும் அழுத்தத்தோடும் கலந்தே வரும். அழுத்தம் விழும் இடம் நீளும், விழாத இடம் தேயும். அவ்விரு மொழிகளில் நாள் முழுதும் வாழும் பிள்ளை தமிழையும் அப்படியே ஒலிக்கிறது. போதாக்குறைக்கு உரோமன் எழுத்து வந்து சேர்ந்தது. கலா என்ற பெயரையும் காலா என்ற சொல்லையும் அடையாள அட்டைக்குரிய எழுத்துக்கூட்டில் எழுதினால் இரண்டும் ஒன்றே. கைப்பேசியில் அவ்வாறே தட்டச்சு செய்யும் தலைமுறைக்கு நெடில் என்பது கண்ணுக்கும் தெரிவதில்லை. கலா நிரைநேராகத் தோன்றலாம் என்று எண்ணாதீர்கள். குறிலும் நெடிலும் இணைந்த ஒரே நிரை அது. காலா நேர்நேர். வேறுபாடு செவியில் இல்லாத மாணவருக்கு 'குறிலிணை நிரை' என்ற விளக்கம், நிறம் காணாதவரிடம் சிவப்பைப் பற்றிச் சொன்னது போலாகும். ஆகவே யாப்பு வகுப்பின் முதல் வாரம் உச்சரிப்பு வகுப்பாகவே இருக்கட்டும் என்பது நம் பரிந்துரை. பாடத்திட்டம் அதற்கு நேரம் தருமா என்று கேட்பீர்கள். தராது. அந்த ஒரு வாரத்தைச் செலவிடாமல் கழியும் மற்ற வாரங்கள் பெரும்பாலும் வீண் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அசை பழகிய செவிக்குச் சீர் எளிது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வாய்பாடுகள் மரப்பெயர்கள் என்பதை எல்லாரும் சொல்லித்தருகிறோம். அப்பெயர்களே தம் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக ஒலிக்கின்றன என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். தே-மா என்னும்போதே நேர்நேர். புளி-மா என்னும்போதே நிரைநேர். கரு-விளம், கூ-விளம் என்பவையும் அவ்வாறே. மூவசைக்குக் காயும் கனியும் சேர்ப்பதும் அதே சூழ்ச்சி: காய் ஒரு நேர், கனி ஒரு நிரை. சூத்திரத்தை மறந்தாலும் பெயரை உரக்கச் சொன்னால் இலக்கணம் திரும்பி வந்துவிடும். ஓரசை 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16 என மொத்தம் 30 வாய்பாடுகளை நினைவில் நிறுத்த இதைவிட நல்ல வழியை இன்றுவரை எவரும் கண்டதாகத் தெரியவில்லை.

மரப்பெயரோடு நில்லாமல் நம் ஊர்ப்பெயர்களையும் பயன்படுத்தலாம். ஈப்போ தேமா. மலாக்கா புளிமா. மலேசியா கருவிளம். தெம்பனிஸ் கூவிளம். சிங்கப்பூர் தேமாங்காய். கோலாலம்பூர் என்பதைப் பிரித்தால் கோ-லா-லம்-பூர் என நான்கு நேர் கிடைக்கும், அரிதாக வரும் நாலசைச் சீர், தேமாந்தண்பூ. இதைச் சொன்னதும் சிரிக்காத வகுப்பை நாம் கண்டதில்லை. தாம் நாள்தோறும் தொடர்வண்டி நிலையத்தில் படிக்கும் பெயர் ஒன்று ஆயிரம் ஆண்டு பழைய அச்சில் பொருந்தி நிற்பதைக் காணும் மகிழ்ச்சி அது.

சீரும் சீரும் சேரும் இடத்துக்குத் தளை என்று பெயர். தளை என்றால் கட்டு. யாப்பு என்பதற்கும் கட்டுதல் என்பதே பொருள். தொடை என்பது தொடுக்கப்பட்டது. தமிழ்ச் செய்யுளியலின் சொற்கள் பலவும் பூக்கட்டுவோரும் மாட்டைக் கட்டுவோரும் அறிந்த சொற்களே. தொல்காப்பியர் தளையைத் தனி உறுப்பாக எண்ணவில்லை. பின்னர் வந்த யாப்பருங்கலக்காரிகையில் அமிதசாகரர் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று ஆறு உறுப்புகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையே இன்றும் நம் பாடநூல்களில் இருக்கிறது. வெண்பாவுக்குரிய தளையை மூன்று சிறு தொடர்களில் அடக்கிவிடலாம்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். ஒரு சீர் எப்படி முடிகிறதோ, அதற்கு மாறாக அடுத்த சீர் தொடங்கவேண்டும் என்பதே இதன் சாரம். காய்ச்சீர் மட்டும் விலக்கு. அது நேரில் முடிந்து நேரையே அழைக்கும்.

மாணவர்கள் இதை விளையாட்டாகப் பழக நாம் ஒரு வகுப்பில் ஊர்ப்பெயர்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்தோம். வெண்டளை பிழையாமல் ஏழு அட்டைகளை அடுக்கவேண்டும். அவர்கள் அடுக்கியது இது:

சிங்கப்பூர் ஈப்போ மலாக்கா மலேசியா
தெம்பனிஸ் தேக்கா கெடா

சரிபார்த்துக் கொள்ளுங்கள். காய் முன் நேர், மா முன் நிரை, மறுபடியும் மா முன் நிரை, விளம் முன் நேர், விளம் முன் நேர், மா முன் நிரை. கெடா என்னும் ஓரசைச் சீர் மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது. நாற்சீரும் முச்சீருமாக ஈரடி. யாப்பிலக்கணப்படி இது பிழையற்ற குறள் வெண்பா. திருக்குறளின் 1330 பாக்களும் எந்த யாப்பில் அமைந்தனவோ, அதே யாப்பு. மலாக்காவும் மலேசியாவும் மோனை. சிங், தெம் என்ற தொடக்கங்களில் இரண்டாம் எழுத்து இரண்டும் மெல்லினம் என்பதால் இன எதுகை என்றும் வாதாடலாம். ஆனால் இது கவிதையா என்று கேட்டபோது வகுப்பே இல்லை என்றது. ஊர்ப்பட்டியல், ஐயா, என்றார் ஒருவர். அந்த 'இல்லை' என்ற விடையைப் பெறத்தான் அட்டைகளைக் கொடுத்தோம். யாப்பு அமைந்தால் கவிதை ஆகிவிடும் என்ற மயக்கமும், யாப்பு கவிதைக்குப் பகை என்ற மயக்கமும் ஒருசேர அன்று கலைந்தன.

அட்டைகளில் சொல்லும் சீரும் ஒன்றாக இருந்தன. நூல்களில் அப்படி இராது. சொல் வேறு, சீர் வேறு. 'யாரும் அறியா' என்று இன்று பிரித்து அச்சிடுகிறோம். பழைய பதிப்பில் 'யாரு மறியா' என்று இருக்கும். பொருளைத் தேடும் கண் இரண்டாவதைக் கண்டு மிரளும். அதை உரக்கப் படித்தால் மிரட்சி போய்விடும். வாய் எப்போதும் 'யாரு மறியா' என்றுதானே சொல்கிறது. வகுப்பில் மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைச் செய்யுள் வேளையிலாவது விலக்கிவைப்பது நல்லது.

அணிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை; அவை மாணவருக்கு எளிதாகவே வருகின்றன. உவமையையும் உருவகத்தையும் குழப்பிக்கொள்வோருக்கு மட்டும் ஒரு குறிப்பு. தமிழில் சொல்லின் வரிசையே வேறுபாட்டைக் காட்டிவிடும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். எந்தச் சொல் பின்னே நிற்கிறதோ, அதைப் பற்றியே பேச்சு. முன்னதில் முகத்தைக் காண்கிறோம். பின்னதில் முகம் மறைந்து மலரைக் காண்கிறோம். விரிவான அணி வகைகளைத் தண்டியலங்காரம் சொல்லும். தொல்காப்பியம் உவமவியல் என்ற ஓர் இயலோடு நின்றுகொண்டது. தொடக்க நிலைக்கு அந்த ஓர் அணியே போதும் என்பது நம் துணிபு.

புதுக்கவிதை எழுதும் எங்களுக்கு இவையெல்லாம் எதற்கு என்று மேல்வகுப்பு மாணவர் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. சி. சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி அவ்வகைக் கவிதைக்கு இடம் அமைத்த பிறகு, தளையையும் சீரையும் விட்டெழுதும் உரிமை நிலைத்துவிட்டது. எனினும் அடியை எங்கே முறிப்பது என்று அக்கவிஞரும் ஒவ்வொரு வரியிலும் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவைச் செய்வது செவி. செவி பழகியவர் முறிக்கும் இடமும் பழகாதவர் முறிக்கும் இடமும் வேறாக இருப்பதை எந்த மாணவர் மலரிலும் காணலாம்.

முன் சொன்ன அட்டை வகுப்பின் தொடர்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். ஊர்ப்பட்டியலைக் கலைத்துவிட்டு, இதே யாப்பில் ஒரு கருத்தைச் சொல்லிப் பாருங்கள் என்றோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பதினைந்து வயது மாணவர் ஒருவர் அரைமணி நேரம் விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு இவ்வாறு எழுதிக் காட்டினார்:

பேருந்து நிற்கும் நிழற்குடையின் கீழ்நின்றும்
யாரும் காணா மழை

பேரு, யாரு என்ற எதுகை தானாக அமைந்ததா, தேடி அமைத்ததா என்று நாம் கேட்கவில்லை. பிழை எங்கே என்றும் சொல்லவில்லை. உரக்கப் படியுங்கள் என்று மட்டும் சொன்னோம். முதலடியைச் சீராகப் படித்து வந்தவர் இரண்டாமடியில் 'யாரும்' என்பதைத் தாண்டும்போது தயங்கினார். மறுபடி படித்தார், அதே இடத்தில் மறுபடியும் நின்றார். தேமாவுக்குப் பின் 'காணா' என நேர் வந்துவிட்டது. அகவலாக இருந்தால் அது பிழையே அன்று. வெண்பாவின் நடையில் கால் இடறுகிறது. 'நேரொன்றாசிரியத் தளை' என்ற பெயர் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. ஆனால் இடறிய இடம் தெரிந்துவிட்டது. சற்று நேரம் கழித்து ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல்லை எழுதிக்கொண்டு வந்தார்:

பேருந்து நிற்கும் நிழற்குடையின் கீழ்நின்றும்
யாரும் அறியா மழை

தளைக்காக மாற்றினீர்களா என்று கேட்டோம். முதலில் அதற்காகத்தான், என்றார். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுதான் சரி, ஐயா. மழை எல்லார் கண்ணிலும் பட்டது. யாரும் அறியவில்லை, அவ்வளவுதான்."